பார்ப்பார் இல்லாத இடத்தில் வாய்மை

பிறர் கண்டுபிடிக்கக்கூடிய பொய்யை விலக்குவது எளிது. அச்சமும் நாணமும் அதற்குத் துணை நிற்கும். எவரும் கண்டறிய முடியாததும், எவருக்கும் நேரே தீங்கு செய்யாததுபோல் தோன்றுவதுமாகிய சிறு பொய்யை ஏன் விலக்க வேண்டும்? இவ்வினாவை நூல்களில் மட்டும் தேடாமல், இன்று நம் நாட்டில் பலர் மேற்கொண்டுள்ள ஓர் எளிய தொண்டினை வைத்து ஆராய விரும்புகிறோம்.

ஆண்டுதோறும் மே திங்கள் இரண்டாம் சனிக்கிழமையன்று உலகெங்கும் தொண்டர்கள் பறவைகளை எண்ணுகின்றனர். வடநாடுகளில் அது இளவேனிற்காலம். தெற்கே சென்றிருந்த பறவைகள் கூடு கட்டுவதற்காக வடக்கே திரும்பும் பருவம். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2015 முதல் இந்நாளை உலகளாவிய முறையில் நடத்திவருகிறது. இந்தியாவிலும் ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றோர் எனப் பலர் ஊதியமின்றிப் பங்கு கொள்கின்றனர். விடியற்காலையில் குளக்கரைக்கோ வயல்வெளிக்கோ சென்று, தொடங்கிய நேரம், கழிந்த நிமிடங்கள், நடந்த தொலைவு, உடன் வந்தோர் தொகை, கண்ட பறவையின் பெயர், அதன் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து ஈபேர்ட் என்னும் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். அதன் இறுதியில் ஒரு கேள்வி உண்டு: அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதினீரா? ஆம் என்றோ இல்லை என்றோ விடையளித்தல் வேண்டும்.

இந்த ஒரு சொல்லில்தான் நம் வினா முழுதும் அடங்கியுள்ளது. ஏனெனில், எழுதியவை சரியா என்று பார்க்க அங்கு எவரும் இல்லை. பறவைகளோ பறந்துவிட்டன, அவற்றைத் திரும்ப அழைத்துச் சாட்சி கேட்க இயலாது. அரிய பறவையின் பெயரோ மிகையான எண்ணோ வந்தால், அதற்கென உள்ள தொண்டர்கள் விளக்கம் கேட்பர். ஆனால் முப்பது மைனாவை நாற்பது என்று எழுதினால் கேட்பவர் யார்? பதிவேடு முழுவதும் தனியே நின்ற மனிதனின் வாய்மையைத் தவிர வேறு கடைக்கால் இன்றி நிற்கிறது.

இத்தகைய கணக்கெடுப்பு பிறந்த வரலாறும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து வேட்டையாடி, எவ்வணி மிகுதியாகக் கொன்றது என்று பார்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர், கொல்வதற்கு மாறாக எண்ணுவோம் என்று அழைத்தார். அந்த டிசம்பரில் இருபத்தேழு பேர் இருபத்தைந்து இடங்களில் எண்ணினர். துப்பாக்கி கீழே வைக்கப்பட்டது. இது பெரிய மாற்றமே. எனினும் வெல்லும் ஆசை துப்பாக்கியோடு போய்விடவில்லை. இன்றும் மே மாதக் கணக்கில் எந்நாடு மிகுதியான இனங்களைக் கண்டது என்று வரிசைப்படுத்துகின்றனர். கொலம்பியா பன்முறை முதலிடம் பெற்றுள்ளது. இதனால் பலர் ஆர்வத்தோடு வருகின்றனர் என்பது மெய்யே. ஆயினும் காணாததைக் கண்டதாக எழுதும் தூண்டுதலும் இவ்வாசல் வழியாகவே நுழைகிறது என்பது நம் கருத்து.

மிகைப்படுத்துவது மட்டுமே பொய் என்று கருதுதல் தவறு. வேறு இரண்டு பொய்கள் உண்டு. ஒன்று, எளியதைப் புறக்கணிக்கும் பொய். காகத்தை யார் எழுதுவர், புறாவை யார் எண்ணுவர் என்று விட்டுவிடுவது. இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் இதற்கு விடையாக உள்ளன. 1980களில் அவை எங்கும் மலிந்திருந்தன. ஆதலின் அவற்றை எண்ணுவது பயனற்ற வேலையாகவே பலருக்குத் தோன்றியது. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் அவற்றை எண்ணி எழுதிவைத்திருந்தமையால்தான், 1990களின் பிற்பகுதியில் அவை எவ்வளவு குறைந்துவிட்டன என்று ஒப்பிட்டுக் காண முடிந்தது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே சென்று, அப்பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது பின்னர் விளங்கிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தை வழங்குவதை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மலிவானது என்று ஒன்றை எண்ணாமல் விடுவோர், அது மறையும்போதும் அறியமாட்டார்.

மற்றது அடக்கத்தின் பொய். ஒருவன் அரிய பறவையைத் தெளிவாகக் காண்கிறான். சொன்னால் பிறர் நம்பமாட்டார், நகைப்பர் என்று எழுதாமல் விடுகிறான். உலகம் இவனைப் பணிவுடையவன் என்று புகழும். ஆனால் அனைத்தையும் எழுதினேன் என்று அவன் சொல்லியிருந்தால் அதுவும் பொய்யே ஆகும். பொய் விலக்கும் சீலத்தை ஏற்றவருக்கு இதில் சலுகை இருப்பதாகத் தெரியவில்லை. ஐயம் உண்மையாகவே இருந்தால் அதற்கும் நேர்மையான வழி உள்ளது. இலைகளிடையே ஒளியும் கதிர்க்குருவிகளை இனம் பிரித்தறிவது கற்றோர்க்கும் கடினம். இனம் தெரியாத கதிர்க்குருவி என்றே எழுதலாம். பெருங்கூட்டத்தில் ஒரு பகுதியை எண்ணி, அத்தகைய பகுதிகள் எத்தனை என மதிப்பிடலாம். தோராயம் பொய்யன்று, தோராயத்தைத் துல்லியம் என்று காட்டுவதே பொய்.

நம் நாட்டில் மே மாதக் கணக்குக்குத் தனியான ஒரு தன்மை உண்டு. வடநாட்டார் வருகையை எண்ணும் அந்நாளில், நம் சமவெளியிலிருந்து குளிர்கால விருந்தாளிகள் பெரும்பாலும் போய்விட்டிருப்பர். வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டிவிட்டிருக்கும். லடாக்கின் ஏரிகளில் அவை கூடு கட்டும் பருவம் அது. எனவே சமவெளியில் நிற்கும் தொண்டருக்கு இல்லாமையை எழுதும் வேலையே வாய்க்கிறது. முழுப் பட்டியலில் வாத்தின் பெயர் இல்லையெனில், தேடினேன், காணவில்லை என்று பொருள். அரைகுறைப் பட்டியலில் அப்பெயர் இல்லாமைக்கு ஒரு பொருளும் இல்லை. பரத்பூரில் சைபீரியப் பெருங்கொக்கின் கடைசி இணை 2001-02 குளிர்காலத்தில் காணப்பட்டது. அதன்பின் அங்கு எழுதப்பட்ட நேர்மையான பட்டியல் ஒவ்வொன்றும், அப்பெயர் இல்லாமையாலேயே நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது.

அப்படியாயின் கண்ட அனைத்தையும் எல்லோருக்கும் சொல்லியே தீர வேண்டுமா? இங்கு நமக்கும் தயக்கம் உண்டு. 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே, தெற்கு ஆப்பிரிக்கா நோக்கிச் செல்லும் வழியில் தங்கிய அமூர் வல்லூறுகள் வலைகளில் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டது வெளியாயிற்று. இடமும் அளவும் வெளிப்பட்டமையாலேயே, அடுத்த ஆண்டு அவ்வூர்ச் சபைகள் தாமே கொலையை நிறுத்தின. ஆனால் அரிய பறவையின் கூடிருக்கும் இடத்தைச் சொல்வது, பிடித்து விற்போரை அங்கு அழைப்பதும் ஆகலாம். ஆகவே துன்புறுத்தப்படக்கூடிய சில இனங்களுக்கு ஈபேர்ட் பதிவேடு நுட்பமான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. பரந்த வட்டாரத்தை மட்டும் காட்டுகிறது. எழுதியவரோ அவ்விடத்தை உள்ளபடியே எழுதியிருக்கிறார்.