போதும் என்ற சொல் இல்லாத கணக்கு

திருமலையில் மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் பந்தி தொடங்குகிறது. வரிசை வரிசையாக மக்கள் அமர்கின்றனர். இலையில் சோறு விழுகிறது, சாம்பார் வருகிறது, பின்னர் ரசமும் மோரும் வருகின்றன. அடுத்தடுத்து அமர்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் சொந்த வாகனத்தில் வந்த செல்வந்தராக இருக்கலாம். மற்றவர் அலிபிரியிலிருந்து படியேறி வந்த கூலித் தொழிலாளியாக இருக்கலாம். பரிமாறுபவர் மீண்டும் வாளியுடன் நெருங்கும்போது இருவருமே இலைக்கு மேல் கையை நீட்டித் தடுக்கின்றனர். ஒருவர் ‘போதும்’ என்கிறார். மற்றவர் ‘சாலு’ என்கிறார். மொழி வேறு, நிறைவு ஒன்றே.

பொன்னும் பொருளும் எவ்வளவு கொடுத்தாலும் பெறுபவன் மனம் இன்னும் வேண்டும் என்றே கேட்கும். அன்னம் ஒன்றுதான் பெறுபவன் வாயாலேயே போதும் என்று சொல்ல வைக்கும் என்பர் பெரியோர். தனிமனிதனுக்கு இந்த உண்மை எளிதில் விளங்குகிறது. ஒரு நாட்டுக்கு? நாடு நலமாக இருக்கிறதா என்று அறிய இன்று உலகெங்கும் முதலில் பார்க்கப்படும் எண், மொத்த உள்நாட்டு உற்பத்தி. அது கூடியதா, குறைந்ததா என்பதே அந்த எண்ணிடம் கேட்கப்படும் கேள்வி. எவ்வளவு இருந்தால் போதும் என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல அதற்குத் தெரியாது.

விலையில்லாத சோறு

திருமலையில் உண்ணும் ஒரு வேளை உணவை இந்தக் கணக்கு எவ்வாறு பார்க்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985-ஆம் ஆண்டில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபோது நாளொன்றுக்குச் சுமார் 2,000 பேருக்கு உணவு வழங்கப்பட்டது. இன்று நாள்தோறும் பல்லாயிரம் பேர் உண்கின்றனர். 2000-ஆம் ஆண்டில் ஸ்ரீவாரி சேவை என்னும் தொண்டு முறை ஏற்பட்டது. ஆந்திரம், தெலங்கானா, தமிழகம், கர்நாடகம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் அன்பர்கள் வந்து சில நாட்கள் தங்கி, காய்கறி நறுக்குவது, பரிமாறுவது, வரிசையை ஒழுங்கு செய்வது போன்ற பணிகளை ஊதியமின்றிச் செய்கின்றனர்.

மலையடிவாரத்தில், திருப்பதி நகரின் ஓர் உணவு விடுதியில் ஒருவர் பணம் கொடுத்துச் சாப்பிடுகிறார். அந்த விலையிலிருந்து அரிசி, காய்கறி முதலியவற்றின் செலவைக் கழித்தபின் எஞ்சுவது நாட்டின் உற்பத்தியில் சேர்கிறது. மலைமீது உணவுக்கு விலை இல்லை. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று விலையின்றி வழங்கும் சேவைக்கு, அதற்கு ஆன செலவையே மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது கணக்கு விதி. ஆகவே சமையல் ஊழியரின் சம்பளம் சேர்கிறது. ஊதியம் பெறாத சேவகரின் உழைப்பு சேர்வதில்லை. நாளைக்கே அந்தச் சேவகருக்குக் கூலி கொடுக்கத் தொடங்கினால், இலையில் ஒரு பருக்கை கூடாமலேயே நாட்டின் உற்பத்தி உயர்ந்துவிடும். பக்தி கூலியாக மாறினால் கணக்குக்கு அது வளர்ச்சி!

வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். சித்தூர் மாவட்டத்தில் பசு வளர்க்கும் குடும்பங்கள் மிகுதி. ஒரு குடும்பம் தன் பசுவின் பாலை விற்காமல் தானே அருந்தினாலும் அந்தப் பால் உற்பத்தியாக ஏற்கப்படுகிறது. ஆனால் அந்தப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தாங்கி எழுப்பிப் புகட்டும் மருமகளின் உழைப்பு ஏற்கப்படுவதில்லை. பொருள் கணக்கில் வரும், பரிவு வராது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பு, நாள்தோறும், நாடெங்கும், எண்ணுக்கு வெளியே நிற்கிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அன்புக்கும் தொண்டுக்கும் விலை போடுவது அவற்றைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா? உண்மைதான். சேவகர் கூலி கேட்கவில்லை, தாயும் கேட்கவில்லை. விலை போடுவது வேறு. இருப்பதை இருப்பதாகக் காண்பது வேறு. ஆட்சியாளர் திட்டம் தீட்டும்போது கணக்கில் இல்லாதது உலகிலேயே இல்லாததாகிவிடுகிறது. ஒரு குழாய், ஒரு குழந்தைகள் காப்பகம், முதியோருக்கு ஒரு மருத்துவ வசதி ஆகியவை அந்த 289 நிமிடங்களைக் குறைக்கும் என்பது யார் கண்ணிலும் படாமல் போகிறது. பிழை இங்கேதான் நேர்கிறது.

கணக்கைத் தொடங்கியவர்கள்

உற்பத்திக் கணக்கே வீண் என்று ஒதுக்குவதும் அறியாமை. பசித்தவனுக்குத் தத்துவம் பேசுவது அறமாகாது. மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் உற்பத்தியிலிருந்தே வருகின்றன. அளவுகோலில் தவறில்லை, முழத்தால் அளக்க வேண்டியதைப் படியால் அளப்பதே தவறு.

இந்தக் கணக்கை உருவாக்கியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். அமெரிக்காவில் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட சைமன் குஸ்நெட்ஸ், 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டு மேலவைக்கு அளித்த அறிக்கையிலேயே, வருமானக் கணக்கைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் நலனை ஊகிப்பது இயலாது என்னும் பொருள்பட எச்சரித்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, எண் மட்டும் நிலைத்தது.

அவருக்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டில் தாதாபாய் நௌரோஜி இந்தியரின் தலைக்குரிய ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டார். 1867-68-ஆம் ஆண்டுக்கு அவர் கண்ட தொகை 20 ரூபாய். அவர் அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. சிறைக் கைதிக்கு அரசு எவ்வளவு உணவு கொடுக்கிறது, கடல் கடந்து செல்லும் கூலிக்குக் கப்பலில் எவ்வளவு உணவு விதிக்கப்பட்டுள்ளது என்று தேடிப் பார்த்தார். குற்றம் செய்தவனுக்குக் கிடைக்கும் சோறுகூடக் குற்றமற்ற உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்த ஒப்பீடு வெளிப்படுத்தியது. இந்தியாவில் தேசிய வருமானக் கணக்கு ‘கடையனுக்குப் போதுமான அளவு கிடைத்ததா?’ என்ற அறக்கேள்வியுடன்தான் பிறந்தது.

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. திருக்குறளில் ‘நாடு’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. நோயற்ற நிலை, செல்வம், விளைச்சல், மகிழ்ச்சி, பாதுகாவல் ஆகிய ஐந்தையும் நாட்டுக்கு அணிகலன்களாக வள்ளுவர் எண்ணுகிறார். செல்வம் அங்கே விலக்கப்படவில்லை. ஆனால் அது ஐந்தில் ஒன்றே. ஓர் அணிகலனை மட்டும் எடைபோட்டு மற்ற நான்கும் இருப்பதாகக் கொள்ள முடியுமா?

நிற்கும் மரம்

ஏழுமலை அடங்கிய சேஷாசலத் தொடர் முழுவதும் காடு. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. அதில் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். சேஷாசலம் 2010-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அந்த மரம் காட்டில் நிற்கும்வரை மண்ணைப் பிடிக்கிறது, நீரை இறக்குகிறது, நிழல் தருகிறது. ஆண்டு உற்பத்திக் கணக்கில் அதற்கு இடமில்லை. அது வெட்டுண்டு, பறிமுதல் செய்யப்பட்டு, அரசால் ஏலம் விடப்பட்டால் அந்தத் தொகை வருவாயாகப் பதிவாகிறது. வெள்ளத்துக்கும் இதே கதை. 2021 நவம்பர் மாதப் பெருமழையில் திருமலை மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன. திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் ஓடியது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றியுள்ள கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். இடிந்ததை எடுத்துக் கட்டும் பணியெல்லாம் உற்பத்தியில் கூடுகிறது. இடிந்து போனது அதிலிருந்து கழிவதில்லை. 2025-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுள்ள புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் குறைவதையும் ஒரு செலவாகக் கழித்து நிகர உற்பத்தியைக் காண வேண்டும் என்கிறது. தாமதமாக வந்த நல்லறிவு என்றே இதைக் கொள்ள வேண்டும்.

மரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அந்தக் காட்டில் நிகழ்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர். பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விசாரித்தது.

குற்றத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. காட்டை அழிப்பது பாவமே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மரம் வளர்க்கத் தெரிந்த கைகளுக்கு, மரத்தை வெட்டுவதற்கு மட்டும் நல்ல கூலி தரும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? காட்டைக் காப்பதற்கு மதிப்பில்லாமலும் வெட்டுவதற்கு விலை மிகுந்தும் இருக்கும் உலகில், வறியவன் எந்தப் பக்கம் தள்ளப்படுவான்? அந்த ஆண்டிலும் இரு மாநிலங்களின் உற்பத்தியும் உயர்ந்தே இருந்தது. சராசரி எண்ணில் அந்த 20 குடும்பங்களின் கண்ணீர் ஒரு துளியாகக்கூடத் தெரியவில்லை.

பூட்டான் தரும் இரு பாடங்கள்

வேறு வழியில் அளக்க முயன்ற நாடு ஒன்று உண்டு. இமயமலைச் சாரலில் உள்ள பூட்டானில் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக், 1970-களில், தேசிய உற்பத்தியைவிட மக்களின் மொத்த மகிழ்ச்சியே முதன்மையானது என்ற கருத்தை முன்வைத்தார். 2008-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அது அரசின் கடமையாக இடம்பெற்றது. மனநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம் என ஒன்பது துறைகளில் மக்களிடம் கேட்டு அறிகின்றனர். அந்த ஆய்வின் சிறப்பு, ஒவ்வொன்றுக்கும் ‘இவ்வளவு இருந்தால் போதும்’ என்ற எல்லை வகுக்கப்பட்டிருப்பதே. ஒருவரிடம் அந்த எல்லையைத் தாண்டிக் குவிந்திருப்பதால் நாட்டின் மதிப்பெண் கூடுவதில்லை. எல்லையை எட்டாதவர் எட்டினால்தான் கூடும். திருமலைப் பந்தியில் ஒலிக்கும் அந்தச் சொல் ஒரு நாட்டின் கணக்கில் இடம்பெற்றுவிட்டது. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. 1990-களின் தொடக்கத்தில் பூட்டானின் தென்பகுதியில் வாழ்ந்த நேபாள மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, நேபாளத்து முகாம்களில் அகதிகளாக வாழ்ந்தனர். வெளியே தள்ளப்பட்டவர்களிடம் ‘நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?’ என்று எந்த ஆய்வாளரும் போய்க் கேட்பதில்லை. எவ்வளவு அழகிய அளவுகோலாயினும், யாரை அளப்பது என்பதில் நேர்மை இல்லாவிட்டால் அது உண்மையைக் காட்டாது.

ஆகவே அளவுகோலை மாற்றினால் மட்டும் போதாது. அளப்பவரின் உள்ளமும் மாற வேண்டும். மகிழ்ச்சியையும் ஒரு போட்டி எண்ணாக்கி, பக்கத்து மாநிலத்தை முந்திவிட்டோம் என்று கொண்டாடத் தொடங்கினால் பழைய நோய் புதிய பெயரில் திரும்பும். எந்த எண்ணையும் பார்க்கும்போது மூன்று கேள்விகள் எழ வேண்டும். விலையின்றி நடக்கும் எந்த நன்மை இதில் விடுபட்டது? வளர்ச்சி என்று எழுதப்பட்டதில் எது உண்மையில் இழப்பு? இந்தக் கணக்கில் சேர்க்கப்படாமல் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார்?

இக்கேள்விகள் அரசுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒவ்வொரு இல்லமும் ஒரு சிறு நாடு. வருமானம் உயர்ந்த வீட்டில் உரையாடல் குறைந்திருந்தால், பெற்றோரின் மருந்துக்குப் பணம் இருந்தும் அருகில் அமர ஆள் இல்லாவிட்டால், அந்த வீட்டின் கணக்கையும் ஒருமுறை திருத்திப் பார்க்க வேண்டும். நாட்டின் கணக்கைத் திருத்தக் குழுக்களும் ஆணையங்களும் வேண்டும். வீட்டின் கணக்கை இன்று இரவே திருத்தலாம்.

அன்னப்பிரசாதக் கூடத்தில் ‘போதும்’ என்றவர் எழுந்து கை கழுவச் செல்கிறார். அவருடைய இடம் துடைக்கப்படுகிறது. புதிய இலை விழுகிறது. வெளியே காத்திருந்தவர் உள்ளே வந்து அமர்கிறார். ஒருவருடைய நிறைவு மற்றொருவருக்கு இடமாகிறது. ஒரு நாட்டின் நலனும் அவ்வாறே: வயிறு நிறைந்தவர் எழுந்திருக்கக் கற்றாரா, வெளியே நின்றவருக்கு இலை விழுந்ததா என்ற இரண்டையும் பார்த்தே அதை அளக்க வேண்டும்.