திக்விரதமும் தீர்த்த யாத்திரையும்

காஞ்சி மாநகருக்கு வடக்கே சில கல் தொலைவில் கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேட்டால் அவ்வூரை வரலாற்று அன்பர்கள் அறிவர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவ அன்பர்கள் அதனைப் போற்றுவர். ஆழ்வானைப் பற்றி அவர்கள் வழங்கும் வரலாறு ஒன்று நம் சிந்தனைக்கும் உரியது. பெருஞ்செல்வராய் இருந்த அவர் அனைத்தையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டார். காட்டு வழியில் அம்மையார், "வழியில் பயம் உண்டோ?" என வினவினார். "மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம்" என்றார் ஆழ்வான். கணவரின் உபயோகத்திற்கென ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்ததாக அம்மையார் கூறவே, அதனை வாங்கி வீசி எறிந்துவிட்டு நடந்தார் என்பர். பிற சமயத்தார் கூறும் கதையாயினும், அபரிக்கிரகம் என்னும் அணுவிரதத்திற்கு இதனினும் எளிய விளக்கம் கிடைப்பது அரிது.

அக்காலத்து வழிநடைப் பயணிக்கு மடியின் கனம் ஒன்றே கவலை. இக்காலத்து யாத்திரிகர் எடுத்துச் செல்வதைக் காட்டிலும் வழியில் விட்டுச் செல்வதே மிகுதி. வண்டியின் புகை, வீசி எறிந்த நெகிழிப் புட்டிகள், விடுதியில் வீணாக ஓடவிட்ட தண்ணீர், முகப்பு விளக்கில் மோதி மடிந்த பூச்சிகள் ஆகிய இவையெல்லாம் நம் யாத்திரையின் கணக்கில் சேருமா? யாத்திரையால் எய்தும் புண்ணியம், யாத்திரையின் வழியில் நேரும் ஹிம்சையைக் கரைத்துவிடுமா? சிராவகர்களாகிய நாம் இவ்வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது.

கரைத்துவிடும் என்பார்க்கு வலிமையான சான்று ஒன்று உண்டு. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு கூறும் சமந்தபத்ர ஆசாரியர், தமது சுயம்பு தோத்திரத்தில் வாசுபூஜ்ய தீர்த்தங்கரரைத் துதிக்கும் பகுதியில், ஜினபூஜை செய்வோனுக்கு நேரும் சிறிதளவு பாவம் பெரும் புண்ணியக் குவியலின் நடுவே கேடு செய்யாது என்றும், கடல் நீரில் விழுந்த நஞ்சுத் துளி கடலைக் கெடுக்காதது போன்றது அது என்றும் கருத்துரைக்கிறார். பூஜைக்கு மலர் பறிப்பதும் விளக்கேற்றுவதும் தகுமா என்று கேட்போர்க்கு நம் பெரியோர் காலங்காலமாகக் கூறி வந்த விடை இதுவே. தீர்த்த யாத்திரைக்கும் இதனைப் பொருத்தலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஆயினும் அவ்வாசாரியரே இல்லறத்தார்க்கென இரத்தின கரண்டக சிராவகாசாரத்தையும் அருளினார் என்பதை மறத்தலாகாது. அதன் கருத்துகளை ஈரடிப் பாக்களில் தமிழாக்கித் தந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் பயிலப்படும் நூல். அநர்த்த தண்டம், அதாவது பயனின்றிச் செய்யும் தீங்கு, ஐந்து வகைப்படும் என்று ஆசாரியர் பகுக்கிறார். அவற்றுள் ஒன்று பிரமாத சரியை. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளைக் கொய்தல் ஆகியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதில் சேர்த்துள்ளார். வண்டியும் புகையும் இல்லாத காலத்தில், வெறுமனே அலைவதே ஒரு குற்றம் என்று ஒருவர் எழுதி வைத்தார் என்பது நமக்குப் பெருவியப்பாக உள்ளது. பிறரைத் திரியச் செய்தல் என்ற சொல் இன்னும் கூரியது. விடுமுறை தோறும் உற்றார் உறவினரைத் திரட்டிச் சிற்றுந்துகளில் அழைத்துச் செல்வோர் அதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விரு நூல்களும் ஒன்றோடொன்று முரணுமோ? முரணா என்பதே நம் துணிபு. நஞ்சு துளியாய் இருக்கும் வரையில்தான் கடல் உவமை நிற்கும். சிறிதளவு என்று ஆசாரியர் எல்லை கட்டியே கூறினார். துளி குடமாகி, குடம் ஓடையாகும்போது அவ்வுவமையைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. இக்காலத்தில் மேலை நாட்டு விமான நிறுவனங்கள் சில, பயணத்தால் எழும் புகைக்கு ஈடாகப் பணம் கட்டினால் எங்கோ மரம் நடுவதாகச் சொல்கின்றன. மரம் நடுவது நன்றே. ஆனால் ஓரிடத்துச் செய்த ஹிம்சையை வேறோரிடத்துக் காசு கொடுத்து நேர் செய்யும் வணிகக் கணக்கு நம் கருமக் கொள்கையில் இல்லை. செய்த வினை செய்தவரைச் சேரும்.

நம் நூல்கள் காட்டும் வழி ஈடு கட்டுவதன்று, எல்லை கட்டுவது. திக்விரதம் ஏற்கும் சிராவகர், கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு, பத்துத் திசைகளிலும் இதற்கப்பால் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுக்கிறார். அவ்வெல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களைப் பொறுத்தவரை அவருடைய அணுவிரதமே மகாவிரதம் போன்றதாகிவிடுகிறது என்பது சமந்தபத்திரரின் விளக்கம். செல்லாத இடத்தில் அவரால் நுண்ணுயிர்க்கும் தீங்கு இல்லையன்றோ! அவ்வளவு துணிவில்லாதார்க்குத் தேசாவகாசிகம் உண்டு. வீடு, ஊர், வயல், ஆறு எனக் குறுகிய எல்லையை, ஓர் ஆண்டோ, நான்கு மாதமோ, ஒரு பக்ஷமோ எனக் காலம் குறித்து ஏற்கலாம். சுற்றுச்சூழல் அறிஞர்கள் இன்று தேடும் கட்டுப்பாடு நம் ஏட்டில் பல நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடக்கிறது.

முனிவர் பெருமக்களின் நடையோ இதன் உச்சம். பகலொளியில், பலர் நடந்து தேய்ந்த வழியில், நான்கு முழத் தொலைவு முன்னே நிலம் நோக்கி நடப்பது ஈரியா சமிதி. உயிரினங்கள் பெருகும் மழைக்காலத்தில் நடையையே நிறுத்தி ஓரிடத்துத் தங்குவது சாதுர்மாஸ்யம். அத்தகையோரை வணங்கச் செல்லும் நாம், நள்ளிரவில் வண்டியை விரட்டி விடியலில் சென்று சேர்கிறோம். இரவு உணவை விலக்குவதற்கு நம் முன்னோர் கூறிய காரணங்களுள் ஒன்று, ஒளியை நாடிவரும் சிற்றுயிர்கள் மடியும் என்பது. இரவில் உண்ணாத நாம், விளக்கெரிய இரவு முழுதும் ஓட்டிச் செல்லும் வண்டியின் கண்ணாடியைக் காலையில் உற்று நோக்க வேண்டும். நம் பொருட்டன்றியும் ஓடவிருக்கும் இரயிலில் இரவு செல்வது வேறு. நமக்கென அமர்த்திய வண்டியை இரவில் ஓட்டுவிப்பது வேறு.

இவ்வினா வெறும் ஏட்டு விவாதமன்று என்பதைச் சம்மேத சிகரம் அண்மையில் உணர்த்திற்று. இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி எய்திய அம்மலை இன்று ஜார்க்கண்ட் மாநிலத்துக் கிரிடீ மாவட்டத்தில் பாரசநாதர் மலை என வழங்குகிறது. பாரசநாதர் வனவிலங்கு சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் அமைத்து நடுவணரசு 2019 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கை, சூழல் சுற்றுலாவிற்கும் இடமளித்தது. 2022 இறுதியில் நாடெங்கும் ஜைன மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜெய்ப்பூரில் உண்ணாநோன்பிருந்த முனி சுக்ஞேயசாகரர் 2023 ஜனவரியில் உயிர் நீத்தார். அம்மாதம் 5ஆம் நாள் சுற்றுலாப் பணிகளை நிறுத்தி வைத்த நடுவணரசு, மதுவும் புலாலும் உரத்த இசையும் அனுமதியற்ற முகாம்களும் அங்கு ஆகாவெனத் தடையை வலியுறுத்தியது. சந்தால் பழங்குடி மக்களுக்கும் அது மாராங் புரு என்னும் புனித மலை.

அக்கோரிக்கை முற்றிலும் நேரியது. ஆனால் சுற்றுலாப் பயணியைத் தடுத்த பின், மலையில் எஞ்சியிருப்பவர் யாத்திரிகராகிய நாமே. ஏறுவதற்கு 9, சுற்றி வணங்குவதற்கு 9, இறங்குவதற்கு 9 என 27 கிலோமீட்டர் நடந்து முடிப்பது அங்கு மரபு. வெறுங்காலுடன், உண்ணாமல் ஏறுவோர் இன்றும் பலர். அதே பாதையில் நெகிழிப் புட்டியை எறிபவர், தம்மைச் சுற்றுலாப் பயணியினின்று எதனால் வேறுபடுத்திக் காட்டுவார்? முதியோரும் நோயுற்றோரும் டோலியில் செல்வதைக் குறை கூறோம். டோலி சுமப்போர்க்கும் அது பிழைப்பு. உடல் வலியோர் பிறர் தோளில் ஏறிச் செல்வதைத்தான் ஏற்க இயலவில்லை.

தொலைவு தவிர்க்க முடியாதபோது கூடிச் செல்வதே தக்கது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 40 பேர் சென்றால், ஒருவர் பங்குக்கு ஒரு லிட்டரில் 160 கிலோமீட்டர் கிட்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் நால்வர் சென்றால் 60 கிலோமீட்டரே. தேயுகாய, வாயுகாய உயிர்களை நம்பும் நமக்கு இக்கணக்கைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

அருகிருப்பதைக் காணாமல் தொலைவை நாடும் வழக்கமும் நம்மிடம் வளர்ந்துவிட்டது. வேகவதி ஆற்றங்கரையில் ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றம் உள்ளது. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டில் இருகப்பர் எழுப்பினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக விரிகின்றன. ஆர்ப்பாக்கம், கரந்தை, திருப்பணமூர், குந்தகுந்தர் திருவடி விளங்கும் பொன்னூர் மலை எனக் காஞ்சியை ஒட்டிய தலங்களே பல. இவற்றை ஒரே நாளில் ஓட்டமாய் ஓடிப் பார்ப்பதைவிட, ஒரு தலத்தில் ஒரு பகல் அமர்வது மேல்.

தங்குமிடத்து நீரும் எண்ணத்தக்கது. பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்திற்கு நீர் கொணர்ந்ததைக் கூரம் செப்பேடு குறித்து வைத்திருக்கிறது. அப்பாலாறு இன்று ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. அங்கு நாம் விடுதியில் திறந்துவிடும் குழாய் நீர் அவ்வூர்ப் பெண்கள் குடம் வைத்துக் காத்திருக்கும் நீர். வடிகட்டிய நீரையே பருகும் மரபினர், அந்நீரின் அளவையும் கவனித்தல் முறை. தரிசனம் முடித்து வாங்கும் பட்டுச்சேலையைப் பற்றியும் ஒரு சொல். அதற்கென ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவுடன் வெந்நீரில் இடப்படுகின்றன. நெசவாளர் பிழைப்பை மதிக்க விரும்புவோர்க்குக் கைத்தறிப் பருத்திச் சேலையும் இருக்கிறது.

ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும் சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களுக்காவது, தேசாவகாசிக எல்லையை நம் குடும்பங்கள் குறித்துக்கொள்ளலாம். காஞ்சிப் பகுதியினர் தெற்கே பொன்னூர் மலை, வடக்கே கூரம் என வைத்துக்கொண்டால், அதனுள் தரிசிக்க வேண்டிய ஆலயங்களுக்கே அந்நான்கு மாதங்கள் போதா. சம்மேத சிகரத்திற்கு இரயில் பயணச்சீட்டைக் கார்த்திகைக்குப் பின் பதிவு செய்துகொள்ளலாம்.