எட்டே கால் பஸ்

அத்தை போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் நோய்ப்பட்டிருந்த நாட்களில் பாதி எனக்கு மங்கிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் மங்கவில்லை.

“கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?”

கேட்டவர் எங்கள் பக்கத்துச் சின்ன டவுனில் இருபது வருஷத்துக்கு மேலாகப் புற்றுநோய் வைத்தியம் பார்க்கும் மருத்துவர். மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள் அத்தை. நான் ஸ்கேன் உறையை நீட்டினேன். அவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அத்தையைப் பார்த்து அதைக் கேட்டார்.

“எட்டே காலுங்கய்யா. அதை விட்டா காலையில அஞ்சரைக்குத்தான்.”

ஃபைலின் மேல் மூலையில் பென்சிலால் 8.15 என்று எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் உறையைப் பிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. உயிர் போகிற காரியமாக வந்திருக்கிறோம், இவர் பஸ் நேரம் விசாரிக்கிறாரே! கீமோவும் ஆபரேஷனும் இங்கேயே செய்துகொள்ளலாம், கரண்டு வைக்க மட்டும் மதுரைக்குப் போகவேண்டியிருக்கும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. மூலையில் இருந்த அந்த 8.15-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரமே அத்தையைச் சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

கடைசி பஸ்ஸின் அருமை தெரியாதவன் இல்லை நான். சின்ன வயதில் எங்கள் ஊருக்கு இரவு என்பதே அந்த பஸ்தான். அப்பா மில்லிலிருந்து அதில்தான் வருவார். அத்தை சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். புளியமரத்து வளைவில் ஹாரன் கேட்கும். வண்டி நின்று புறப்படும் சத்தம் கேட்டால் எழுந்து அடுப்பை மூட்டுவாள். நிற்காமல் போய்விட்டால் கொஞ்ச நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சோற்றில் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். வராத ஆளுக்காக அவள் ஊற்றிய அந்தத் தண்ணீரின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் டாக்டரின் கேள்வி அற்பமாகப் பட்டது.

டாக்டர் ரவி கண்ணன் என்ற வேறொரு புற்றுநோய் மருத்துவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்தது அத்தை போன பிறகு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அங்கிருந்து 2007-இல் மனைவி மகளோடு அசாமின் சில்சாருக்குக் குடிபெயர்ந்து, கச்சார் புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். 2023-இல் மகசேசே விருது கிடைத்தது. படித்ததில் பலதும் மறந்துவிட்டது. இரண்டு எண்கள் மட்டும் நிற்கின்றன. அங்கே சிகிச்சையை விடாமல் தொடர்ந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 28 பேர். பின்னால் அது 70 ஆனது.

மருந்தின் வீரியத்தால் மட்டும் அது ஏறவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். நோயாளி படுத்தால் அவர் கூலி போகும், துணைக்கு வந்தவர் கூலியும் போகும். பாதியில் நின்றுவிடுவார்கள். மருத்துவமனை சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தது. துணைக்கு வந்தவருக்கு அங்கேயே ஏதாவது வேலை கொடுத்தது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பியது. படித்துக்கொண்டு வரும்போது பென்சிலில் எழுதிய 8.15 கண்முன் வந்து நின்றது. பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன்.

சென்னையில் அத்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வைத்தியர்களும் சரி, நானும் சரி. 21 நாளைக்கு ஒரு கீமோ. மறுதேதி என் ஃபோனுக்கு வரும். அத்தைக்குத் தன் தேதி தெரியாது. நான் கிளம்பச் சொன்னால் கிளம்புவாள். மூன்று முடிந்திருந்தது. ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. கூப்பிடும்போதெல்லாம், “ரெண்டு நாள்ல வந்துர்றேன்யா” என்பாள். அவளுடைய பசு அப்போது நிறைசினையாக இருந்தது என்பதே அவள் காரியத்தன்றுதான் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் கேட்கவில்லை.

சின்ன ஊரில் வைத்தியம் பார்ப்பது என்றால் என்ன என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். நகரத்தில், வராமல் நின்றுபோன நோயாளியின் கட்டு அலமாரிக்குப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. காப்பாற்ற முடியாமல் போனவரின் மகன் சந்தையில் கத்திரிக்காயை நிறுத்து வைத்தியரின் பையில் போடுவான். இருபது வருஷம் அந்த முகங்களுக்கு நடுவில் நடமாடுகிறவர், நோயைக் கேட்கும் முன் வீடு திரும்பும் வழியைக் கேட்பது இயல்புதான். அதற்காக, பஸ் நேரம் கேட்டால் கட்டி கரைந்துவிடுமா என்ற கேள்வி இல்லாமல் போகுமா? மெஷின் வேண்டிய இடத்தில் மெஷின்தான் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் இன்னும் அலைகிறது.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் அந்த ஃபைல் இருந்தது. ஊருக்குப் போனவள் வலி பொறுக்காமல் அந்த டவுன் டாக்டரிடமே போயிருக்கிறாள், நான்கு தடவை. அதற்குள் நோய் எலும்புக்குப் பரவிவிட்டிருந்தது. வலிக்கு மாத்திரை எழுதியிருந்தார். மேல் மூலையைப் பார்த்தேன். 8.15 அடிக்கப்பட்டு, கீழே 7.40 என்று இருந்தது. பஸ் நேரம் மாறியிருக்கிறது. அவர் மறுபடியும் கேட்டிருக்கிறார்.

முதலிலேயே அங்கே விட்டிருந்தால் முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருப்பாளா? எடுத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லத்தான் நாக்கு வருகிறது. ஆனால் அந்த 70-க்கு அப்பாலும் 30 பேர் இருக்கிறார்கள். அத்தை எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.