ஐந்தாம் முறை செய்யும் தீர்மானம் பொய்யா?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சனம் கலைந்துபோன பின்னர், பங்குமனை விறாந்தையில் ஒரு தாயார் என்னைக் காத்து நின்றார். வயது ஐம்பதைத் தாண்டியவர். நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, யாருக்கும் சுகமில்லையோ என்று எண்ணிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் கேட்டது வேறு.

"சுவாமி, டொக்டர் நிறையைக் குறைக்கச் சொல்லிப்போட்டார். சீனி எல்லையிலை நிக்குதாம். நான் முந்தி நாலு தரம் குறைச்சனான். நாலு தரமும் திரும்பி ஏறிப்போச்சு. இப்ப ஐஞ்சாந்தரமும் 'குறைக்கிறன்' எண்டு சொன்னால், அது எனக்கு நானே சொல்லுற பொய்யெல்லே?"

நான் சிரித்துக்கொண்டு, "முயற்சியைக் கைவிடக் கூடாது அம்மா" என்றேன். அவரும் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் கேற்றடியை அடையுமுன்னரே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கேட்டது ஊக்கம் அல்ல, உண்மை. சீனி வருத்தத்தால் ஒரு காலை இழந்து, கடைசி ஆறு வருடமும் கட்டிலிலேயே கிடந்து இறந்த தாயின் மகள் அவர். அந்தத் தாய்க்கு நற்கருணை கொண்டுபோனவன் நான். அப்படிப்பட்ட ஒருவர் தம் வாயிலிருந்து பொய் வரக்கூடாது என்று அஞ்சிக் கேட்ட கேள்விக்கு, கலண்டர்த் தாளில் அச்சடிக்கும் வாசகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வியின் கூர்மையை ஒத்துக்கொள்வோம். அயலவர் ஒருவர் நாலு முறை கடன் வாங்கி நாலு முறையும் திருப்பித் தரவில்லை. ஐந்தாம் முறை வந்து, "இந்த முறை கட்டாயம் தருவேன்" என்கிறார். நாம் நம்புவோமா? நம்பினால் நம்மை இரக்கமுள்ளவர் என்பார்களேயன்றி, விவேகி என்று எவரும் சொல்லார். மற்றவன் வாக்கை அவனுடைய பழைய நடத்தையைக் கொண்டு எடைபோடும் நாம், நம்முடைய வாக்கை மட்டும் ஏன் அவ்வாறு எடைபோடுவதில்லை? அந்தத் தாயார் தம்மையும் அயலவரைப் போலவே வைத்து எடைபோட்டார். அது சோம்பல் அல்ல, நேர்மை.

ஆனால், தீர்மானம் என்பது வருங்காலத்தைப் பற்றிய சோதிடம் அல்ல. "நாளை மழை பெய்யும்" என்பது ஒரு கூற்று. பெய்யாவிட்டால் அது பிழைத்துப்போகும். "நாளை தொடக்கம் நடப்பேன்" என்பதோ இப்போதைய மனத்தின் செயல். பொய் என்பதற்கு மனத்தில் ஒன்றும் வாயில் வேறொன்றும் இருக்க வேண்டும். தீர்மானம் செய்த வேளையில் மனம் வாயோடு சேர்ந்தே நின்றதென்றால், பின்னர் வந்த தோல்வி அதைப் பொய்யாக்காது. புனித தோமஸ் அக்குவினாஸ், மனஸ்தாபப்பட்டவன் மீண்டும் பாவத்தில் விழுந்தால் அவனுடைய முதல் மனஸ்தாபம் போலியானதா என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லும்போது ஓர் எளிய உவமையைக் கையாளுகிறார். ஒருவன் ஓடினான், பிறகு உட்கார்ந்தான். உட்கார்ந்ததனால் அவன் ஓடியது ஓட்டம் அல்ல என்று ஆகிவிடுமா? குருமடத்தில் இதைப் படித்தபோது, பரீட்சைக்கான ஒரு வரியாக மட்டுமே எனக்குத் தோன்றியது. இன்று அந்தத் தாயாருடைய நாலு முயற்சிகளையும் நினைக்கையில், அவை நாலும் ஓட்டங்களே என்று காண்கிறேன்.

நிற்க. இதனோடு விஷயம் முடிந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய பிரதிக்கினை உறுதியானதாக இருக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். உறுதி என்றால் என்ன? முடிவை விரும்புகிறவன் அதற்கான வழியையும் விரும்ப வேண்டும். கொழும்புக்குப் போக ஆசை, ஆனால் ரெயிலேற மனமில்லை என்றால், அதற்குப் பெயர் கனவு. நாலு முறை ஒரே வழியில் போய், ஒரே பள்ளத்தில் விழுந்து, ஐந்தாம் முறையும் அதே வழியில் அதே வேகத்தில் புறப்படுகிறவன் முடிவை உண்மையாக விரும்புகிறானா என்று ஐயப்பட இடமுண்டு. ஆகவே அந்தத் தாயாருடைய பயம் வெறும் பயம் அல்ல. ஐந்தாம் தீர்மானம் பொய்யாகிவிடக் கூடும். முன்னைய நாலும் தோற்றதால் அல்ல, அவற்றிடமிருந்து எதையும் கேட்டறியாமல் செய்யப்படுவதால்.

அந்தத் தோல்விகள் எதைச் சொல்கின்றன? "உனக்கு மனத்திடம் இல்லை" என்பதைத்தான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். பிரசங்கிமாரும் இதற்கு விலக்கல்லர். ஆனால் உடல் சொல்வது வேறு. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்பதை அறிவதே அதன் நோக்கம். 24 வாரங்கள் நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி உணவே கொடுத்தார்கள். இளைஞர் தம் நிறையில் நாலில் ஒரு பங்கை இழந்தனர். அதோடு பகலிரவு சாப்பாட்டைப் பற்றியே நினைத்தனர். சமையற் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தனர். சிலர் களவாக உண்டு கட்டுப்பாட்டை மீறினர். கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு உண்டும் சிலருக்கு ஆறவில்லை.

இவர்கள் யார் தெரியுமா? போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராது என்று மறுத்து, அதற்காக நாட்டாரின் ஏளனத்தைத் தாங்கியவர்கள். மனத்திடம் இல்லாதவர் என்று அவர்களை எவரும் சொல்ல முடியாது. அரசாங்கத்துக்கு "இல்லை" என்றவர்களாலேயே ஒரு துண்டு பாணுக்கு அதைச் சொல்லக் கடினமாயிற்று.

இதன் காரணங்கள் சில பின்னாளில் தெளிவாயின. உடற் கொழுப்பிலிருந்து சுரந்து, சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிக்கும் லெப்ரின் என்ற பொருளை 1994இல் கண்டறிந்தார்கள். நிறை குறைய இதுவும் குறைகிறது. மூளை பஞ்சம் வந்துவிட்டதென்று கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. மெல்போண் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் உணவுக் குறைப்பால் நிறை இழந்தவர்களிடம் பசியைத் தூண்டும் இந்த மாற்றங்கள் ஒரு வருடம் கழிந்த பின்னரும் நீங்கவில்லை எனக் காட்டியது. நிறையைக் குறைத்தவர் பழைய பசியோடு அல்ல, கூடின பசியோடு போராடுகிறார். இதை அறியாமல் அவரைப் போசனப்பிரியர் என்று பழிப்பது அநீதி. பருமனான எல்லோரும் போசனப்பிரியரும் அல்லர். மெலிந்த எல்லோரும் மட்டாய் உண்பவரும் அல்லர்.

அப்படியானால் ஒழுக்கத்துக்கு இங்கே இடமே இல்லையா? இடமுண்டு, நாம் தேடும் இடத்தில் அது இல்லை. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிறீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாக உண்பவர்கள் முதலில் குடித்ததற்கு ஏற்பக் குறைவாகவே உண்டனர். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ, குடிக்காத வேளையைவிடக் குடித்த பின்னர் கூடுதலாக உண்டனர்! காரணம் நமக்குத் தெரியாததல்ல. "கெட்டது கெட்டுப்போச்சு, திங்கட்கிழமை தொடக்கம் பாப்பம்" என்று சொல்லாதவர் நம்மில் யார்? முதல் துண்டு கேக் பலவீனம். இரண்டாம், மூன்றாம் துண்டுகள் பலவீனத்தால் மட்டும் வருவன அல்ல. குறைபட்ட நாளை முழுதாகக் கெடுத்து, புதிதாய் ஒரு குறைபடாத நாளை எதிர்பார்க்கும் ஒரு மனநிலையால் வருவன. இதில் சற்று அகந்தையும் கலந்திருக்கிறதென்று நினைக்கிறேன். விழுந்தவனாக அன்றைய மிச்சப்பொழுதைக் கழிக்க நமக்குப் பிடிப்பதில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. நாற்பதைக் கடந்தபின் என் அங்கியையும் இரண்டு முறை அகலிக்கக் கொடுத்திருக்கிறேன். வீடு சந்திக்கப் போகும் ஒரு மாலையில் ஆறு வீடு என்றால் ஆறு தேத்தண்ணி, ஆறு தட்டு. மூன்றாம் வீட்டில் பிட்டுப்போன தீர்மானத்தை நாலாம் வீட்டில் எடுத்துக்கொள்ளாமல், அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தவன் நான்.

அரிஸ்டோட்டில் தம் ஒழுக்க நூலின் ஏழாம் பகுதியில் இரண்டு வகையினரைப் பிரிக்கிறார். ஒருவன் இன்பமே சரியென்று கொண்டு அதைத் தேடுகிறான், அவனுக்கு வருத்தமில்லை. மற்றவன் சரியை அறிந்தும் தவறுகிறான், பின்னர் வருந்துகிறான். முன்னையது எந்நேரமும் உடலில் தங்கியிருக்கும் நீர்க்கோவை, கசம் போன்ற நோயென்றும், பின்னையது இடைக்கிடை வந்துபோகும் வலிப்பைப் போன்றதென்றும் சொல்கிறார். வருந்துகிறவனுக்குக் குணமாகும் வழி உண்டு என்பது அவர் கருத்து. நாலு முறை தொடங்கியவர் நாலு முறை வருந்தியவருமாவார்.

புனித அகுஸ்தீனார் இன்னும் ஒருபடி போகிறார். தம்முடைய பழைய வாழ்வின் வேறு சில பழக்கங்களை ஒரேயடியாய் வெட்டிவிட முடிந்த அவருக்கு, உணவை அவ்வாறு வெட்டிவிட முடியவில்லை. கடிவாளத்தை மிக இறுக்காமலும் மிகத் தளர்த்தாமலும் நாளாந்தம் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது என்று தம் சுயசரிதையின் பத்தாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறார். சாராயத்தை விட்டவன் தவறணைப் பக்கம் போகாமல் இருக்கலாம். சோற்றை எங்கே விடுவது? நாளுக்கு மூன்று முறை அதன் முன்னால் உட்கார வேண்டும். அப்படியானால் உணவு விஷயத்தில் தீர்மானங்களை ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணுவதே பொருந்தாக் கணக்காகிவிடுகிறது.

வீட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தாய்மார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். சட்டியில் மிஞ்சியதை எறிய மனமின்றித் தாமே உண்கிறார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கண்டு, சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்த கைகள் அவை. சோற்றை வீசாதது அவர்களுக்குப் பழக்கமல்ல, நன்றி. அந்த நன்றியின் பாரத்தை அவர்களுடைய முழங்கால்கள் சுமக்கின்றன. மிச்சம் வராமல் அளந்து சமைப்பதற்கும், மிஞ்சினதைப் பகிர்ந்து முடிப்பதற்கும் கணவனும் பிள்ளைகளும் உதவாமல், "அம்மா திரும்பவும் தொடங்கிட்டா" என்று சிரித்தால், அந்தத் தீர்மானம் முறிந்ததற்கு யார் கணக்குக் கொடுப்பது?

இனி, எதை விரும்புவது என்ற கேள்வி. இளமையில் எடுத்த கலியாணப் படத்திலுள்ள உருவத்தை விரும்பினால், அந்தத் தீர்மானம் பெரும்பாலும் பொய்த்தே போகும். ஆனால் அந்தத் தாயாரைப் போலச் சீனி எல்லையில் நின்றவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த, 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், குறிக்கோளாய் வைக்கப்பட்டது உடல் நிறையில் 7 சதவீதமும், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற உடற்பயிற்சியும் மட்டுமே. 80 கிலோ உள்ளவருக்கு இது ஆறு கிலோவுக்கும் குறைவு. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாய்ப் பட்டது பின்னர் நடந்தது. பத்து வருடமளவில் அவர்களிடம் இழந்த நிறையின் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆயினும் நீரிழிவு அடைந்தவர்களின் வீதம், ஆரம்பத்தில் அந்தப் பயிற்சி பெறாதவர்களிலும் பார்க்க 34 சதவீதம் குறைந்தே இருந்தது. உட்கார்ந்தவர்கள்தான். ஓடியதும் உண்மைதான்.

இவ்வளவையும் யோசித்த பின்னர், ஒரு வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அம்மா, அந்த நாலு தரமும் எப்ப தொடங்கினீங்கள், எப்ப முறிஞ்சது எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ஒவ்வொரு முறையும் விபூதிப் புதனில் தொடங்கியிருக்கிறார். காலையில் வெறுந் தேத்தண்ணி, மத்தியானம் ஒரு பிடி, இரவில் ஒன்றுமில்லை. நாற்பது நாளும் தவறவில்லை. உயிர்த்த ஞாயிறன்று முறிந்திருக்கிறது. நாலு முறையும் ஒரே நாள். சொல்லி முடித்துவிட்டு, தாமே முதன்முறை கேட்டவர்போல என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தவக்காலத் தொடக்கத்திலும் பிரசங்க மேடையில் நின்று உபவாசத்தை வற்புறுத்தியவன் நான் என்பதால், எனக்கும் உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.

"அப்ப சுவாமி, தபசுகாலம் வரைக்கும் பாத்துக்கொண்டிராமல் இண்டைக்கே தொடங்கலாமோ? இரவும் சாப்பிடலாமோ?" என்று கேட்டார். சாப்பிடலாம், டொக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கோ என்றேன். பிள்ளைகளில் இளையவள் வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பின்னேரம் கோவில் வளவைச் சுற்றி நடக்கத் தானும் வருவதாகச் சொன்னாள். தேத்தண்ணி வந்தது. இரண்டு கோப்பையிலும் சீனி இல்லை. எனக்கு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.