ஓடியவனின் முத்தம்

2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘28 வீக்ஸ் லேட்டர்’ என்னும் திகில் படம், 2002-இல் டேனி பாயில் இயக்கிய ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் தொடர்ச்சியாகும். மனிதரை நொடிப்பொழுதில் வெறியராக்கும் நச்சுக்கிருமி பிரிட்டனைச் சூறையாடியபின், அமெரிக்கப் படையின் காவலில் இலண்டனின் ஒரு பகுதியில் மக்கள் மீளக் குடியேறுகின்றனர். நோய் மறுபடி வெடித்ததும், நோயுற்றோர், நலமுடையோர் என்று பாராமல் எல்லாரையும் சுடுமாறு ஆணை பிறக்கிறது. ஈராக்கில் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம். திறனாய்வாளர் பலர் இதில் பாக்தாதையே கண்டனர். பொருத்தமான பார்வைதான். ஆயினும் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று.

பெரிதும் பாராட்டப்பெற்ற தொடக்கக் காட்சியில், ஒரு சிறுவனைக் காக்க முனையும் மனைவி ஆலிஸைக் கைவிட்டு டான் தப்பியோடுகிறான். அந்த வீட்டில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? அச்சத்தில் ஓடிய கால்களுக்குத் தீர்ப்பிட நமக்குத் துணிவில்லை. ஆனால் பிறகு, ஆபத்தேதுமற்ற அறையில் அமர்ந்து, தன்னால் எதுவும் செய்ய இயலவில்லை என்று பிள்ளைகளிடம் கதையை மாற்றிச் சொல்கிறானே, அப்போது அவனைத் துரத்தியது யார்?

உயிரோடு மீட்கப்பட்ட ஆலிஸ், வெறிகொள்ளாமலே கிருமியைச் சுமப்பவள். டான் அவளிடம் மன்னிப்பு வேண்டி முத்தமிடுகிறான். அந்த எச்சிலே அவனைக் கொலைஞனாக்குகிறது. வருந்தி வந்தவனுக்கு இத்தண்டனையா என்று கேட்கத் தோன்றும். நமக்கோ, அவன் வந்த விதம் கண்ணில் நிற்கிறது: தன் பணிக்கென அளிக்கப்பட்ட நுழைவு அட்டையால் கதவைத் திறந்து, காவலர் எவரும் அறியாமல், அவன் தனியே உள்ளே போனான்.