விட்டு விலகும் சுதந்திரம்

பொருள் தேடிப் பிறநாடு செல்பவன் தன் உழைப்பை மட்டும் விற்கிறானா, அல்லது உழைப்போடு சேர்த்துத் தன்னிலும் ஒரு பகுதியை விற்றுவிடுகிறானா என்ற கேள்வி பழமையானது. ஆயினும் தென்கொரியாவின் ஆலைகளிலும் வயல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும், இலங்கை, நேபாளம், கம்போடியா, வியட்நாம் முதலிய தேசங்களிலிருந்து சென்று பாடுபடுகிறவர்களின் வாழ்க்கையைக் கவனிக்கும்போது, அக்கேள்வி நம் மனச்சாட்சியைப் புதிதாகத் தைக்கிறது.

2004 ஆகஸ்டில் தென்கொரியா வேலை அனுமதி முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னிருந்த ஏற்பாட்டில் அயல்நாட்டவர்களிடம் ‘பயிலுநர்’ என்ற பெயரில் வேலை வாங்கப்பட்டது; 1995 ஜனவரியில் நேபாளப் பயிலுநர் சிலர் கழுத்தில் சங்கிலி பூட்டிக்கொண்டு சியோலின் மியோங்டொங் தேவாலயத்தில் அமர்ந்து, தாங்கள் அடிமைகளல்ல என்று முறையிட நேர்ந்தது. புதிய முறை அதைவிட எவ்வளவோ மேலானது என்பதை மறுப்பது நியாயமாகாது; கொரியப் பிரஜைக்கு உள்ள குறைந்தபட்சக் கூலி இன்று அயலானுக்கும் உண்டு. ஆனால் இடம் மாறும் உரிமை அவன் கையில் இல்லை. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முறைக்கு மேல் மாறலாகாது. அதற்கும் எஜமானர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், அல்லது அவர் சட்டத்தை மீறியது நிரூபணமாக வேண்டும். விலகிய பின் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை அமையாவிட்டால் நாட்டை விட்டே புறப்பட வேண்டும்.

இம்முறையின் கீழ் வாழ்வது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்: தென்கொரியாவின் மிரியாங், கும்சான் பகுதிகளில், கொரியர் இறைச்சியைச் சுற்றி உண்ணும் பெரில்லா இலை பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் பயிராகிறது. இரவு நீண்டால் அச்செடி பூத்துவிடும், பூத்தால் இலை குன்றிவிடும் என்பதற்காக, குளிர்காலத்தில் இரவிலும் அதற்கு விளக்கேற்றி வைக்கிறார்கள்; அந்தச் செடியின் முன் நாள் முழுவதும் குந்தியிருந்து, இலை இலையாகக் கையால் பறித்து அடுக்குவதே அங்கு வேலை. வேலை நேரம், இடைவேளை, விடுமுறை பற்றிய சட்ட விதிகள் வேளாண் தொழிலாளருக்குப் பொருந்தா என்று அந்நாட்டுத் தொழிற்சட்டத்தின் 63ஆம் பிரிவு கூறுகிறது. 2020 டிசம்பரின் கடுங்குளிரில், பொச்சொன் நகரத்தருகே இத்தகைய கூடாரத்துக்குள் அமைந்த இருப்பிடத்தில் ஒரு கம்போடியப் பெண் இறந்து கிடந்த பிறகுதான், அவ்வகை இருப்பிடங்களைப் பற்றி அரசாங்கம் கடுமை காட்டத் தொடங்கியது.

எஜமானர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோயுற்ற தொழிலாளியைத் தம் வாகனத்திலேயே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் பண்ணைக்காரரும் இருக்கத்தான் செய்வார். எனக்குள்ள சந்தேகம் அவருடைய நற்குணத்தைப் பற்றியதன்று. அந்த நற்குணம் எந்த நிலத்தில் ஊன்றி நிற்கிறது என்பதைப் பற்றியது. சிகாலோவாத சுத்தம் என்னும் உபதேசத்தில் புத்தர், சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, அரிய பண்டம் கிடைத்தால் பகிர்வு, உரிய காலத்தில் ஓய்வு ஆகிய ஐந்தையும் எஜமானனின் கடமைகளாகவும், அவற்றுக்கு ஈடாக ஐந்தை ஊழியனின் கடமைகளாகவும் வகுத்தார். ஆக அவர் வகுத்தது பரஸ்பர தர்மம். ஒருவன் விலகவே முடியாதபடி கட்டுண்டிருக்கையில், மற்றவன் செய்கிற உபகாரமெல்லாம் கடமையின் அந்தஸ்தை இழந்து அனுக்கிரகமாகிவிடுகிறது. கொடுத்தவன் மனம் மாறினால் அது நின்றுபோகும், வாங்கியவன் கேட்க வழியில்லை.

யாரும் பலவந்தமாக அழைத்து வரவில்லையே, மொழித் தேர்வெழுதி, விரும்பித்தானே வந்தார்கள் என்று கேட்பதுண்டு. சிறு தொழில்களுக்கு நிலையான ஆள்பலம் வேண்டும் என்ற வாதமும் அற்பமானதன்று. 2021 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இடம் மாறுவதன் மேலுள்ள இக்கட்டுப்பாடு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எனினும், சம்மதம் என்பது ஒருநாள் கையெழுத்தோடு தீர்ந்துவிடும் காரியமா? கீழ்ப்படிதலை அவ்வளவு வற்புறுத்துகிற பௌத்த சங்கத்தின் விநய விதிகளைப் பாருங்கள்: உலகையே துறந்து வந்த பிக்கு, புரிந்துகொள்ளத்தக்க ஒருவரிடம் தான் சிக்ஷையை, அதாவது துறவுப் பயிற்சியை, கைவிடுவதாகச் சொல்லிவிட்டால் போதும், அக்கணமே அவன் இல்லறத்தான், குருவின் அனுமதி வேண்டியதில்லை. மோக்ஷத்துக்காக ஏற்ற விரதமே இவ்வாறு ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படும் சம்மதத்தின்மேல் நிற்குமானால், இலை பறிக்கவும் இரும்பு வார்க்கவும் செய்துகொண்ட உடன்படிக்கை அதைவிட இறுகியிருக்க என்ன நியாயம்? வெளியேறும் வழி திறந்திருக்கையில் ஒருவன் தங்கினால்தான் அவன் தங்குவதற்கு அர்த்தம் உண்டு. எஜமானரின் நல்ல தன்மைக்கும் அப்போதுதான் சாட்சி கிடைக்கும்.

பிறநாட்டில் கூலிக்குக் கட்டுண்டிருக்கும் இந்த அனுபவம் கொரியர்களுக்கு அந்நியமானதன்று. 1963 டிசம்பரில் தொடங்கி அவர்களுடைய இளைஞர்கள் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்கும், பெண்கள் தாதியராக அங்குள்ள மருத்துவமனைகளுக்கும், தவணை ஒப்பந்தத்தில் கூலிக்குச் சென்றார்கள். 1970களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் வேலையின்மை பெருகி, அத்தாதியரைத் திருப்பியனுப்பத் தொடங்கியபோது, வேண்டும்போது வரவழைத்து வேண்டாதபோது அனுப்பிவிடத் தாங்கள் சரக்கல்ல என்று சொல்லி, அப்பெண்கள் ஜெர்மானியரிடையே கையொப்பம் திரட்டினார்கள். தங்கவோ திரும்பவோ தாங்களே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டார்கள், அங்கே தங்கும் உரிமையைப் பெற்றும் விட்டார்கள். இன்று கொரியப் பண்ணையில் குந்தியிருக்கும் கம்போடியப் பெண் கேட்பது அதனினும் சிறியது: ஒரு கூடாரத்திலிருந்து இன்னொரு கூடாரத்துக்குத் தன் விருப்பத்தின்படி போகும் உரிமை.