தரங்கம்பாடியின் இராஜ வீதியில்

வேளாங்கண்ணித் திருத்தலம் சென்று திரும்பும் வழியில், பங்குமக்கள் சிலரோடு தரங்கம்பாடியில் அரைநாள் தங்கினோம். காவிரி கடலோடு கலக்கும் வயல்நாட்டின் விளிம்பில், காரைக்காலுக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. 1792-இல் எழுப்பப்பட்ட நகர வாயிலைக் கடந்ததும் இராஜ வீதி தொடங்குகிறது. தூண்கள் தாங்கிய பழைய மாளிகைகள். 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். வீதியின் முடிவில் கோட்டையும் கடலும்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் இங்குக் கால்கொண்ட டேனியர், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைப் பறித்தது. சிதைந்து கிடந்த பழங்கட்டடங்கள் பல இன்று செப்பனிடப்பட்டு நிற்கின்றன.

எம்மோடு வந்த இளைஞன் ஒருவன் கேட்டான்: “சாமி, அந்நியன் ஆண்ட அடையாளத்தை நாம் ஏன் காசு செலவழித்துக் காப்பாற்ற வேண்டும்?” வரலாறு, கலை, சுற்றுலா என்று விடை கூறினோம். அவ்விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எமக்கும் நிறைவளிக்கவில்லை.

கோட்டைக்குள் நின்றபோது வேறொரு விடை தோன்றியது. 1706-இல் இங்கு வந்திறங்கிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதை நாம் அறிவோம். அவர் 1708-இன் இறுதியில் சிறைப்பட்டு, நான்கு மாதங்கள் அடைபட்டுக் கிடந்ததைப் பலர் அறியார். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் கைம்பெண் கடன் வழக்கில் சிக்கித் தவித்தாள். அவளுக்காக அவர் மீண்டும் மீண்டும் பரிந்து பேசியதே கோட்டைத் தலைவரின் சினத்தைத் தூண்டிற்று. அவ்வழக்கில் அவளுக்கு எதிரே நின்றவர் யார்? டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கர்!

இதைக் கூறியபோது எம்மவர் முகங்கள் சற்று வாடின. ஏழைக் கைம்பெண்ணின் பக்கம் நின்றவர் பிரிந்த சகோதரர். எதிர்ப்பக்கம் நின்றவரோ நம்மவர். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அக்கோட்டை முழுமையாகப் பேசும்.

இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்தி, தம் மூதாதையர் காலத்தில் இருந்திருந்தால் அவர்களைக் கொல்வதில் பங்கெடுத்திருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். கல்லறையை அழகுபடுத்துவது குற்றமன்று. அங்கே புதைந்த உண்மையை மீண்டும் புதைப்பதே குற்றம். கல்லைக் காப்பது எளிது. நினைவைக் காப்பது கடினம்; ஏனெனில் நினைவு நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் இழைத்த பிழைகளுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமைப்பட்டுவிடவில்லை.

எம் பிழையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு பணியாற்றிய பங்கொன்றில் ஆலய நூற்றாண்டு மலர் வெளியிட்டோம். கோபுரம் கட்டியவர், மணி வாங்கித் தந்தவர் அனைவரின் பெயரும் அதில் இடம்பெற்றன. அங்கே சாதிக்கொன்றாக இருந்த இரு கல்லறைத் தோட்டங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதியவர் ஒருவர் வந்து, “எங்க அப்பாவை எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்பதையும் எழுதுங்க, சாமி” என்று வேண்டினார். விழாக் காலத்தில் அது வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அமைதி காத்ததாக அன்று எண்ணினோம். இன்று நோக்கினால், அம்முதியவரை மற்றொரு முறை வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

மாலையில் இராஜ வீதி வழியே திரும்பினோம். அவ்விளைஞன் மறுபடியும் கேள்வி கேட்கவில்லை. “நம்ம ஊர்க் கோவிலுக்கும் இப்படி ஒரு கதை இருக்குமா, சாமி?” என்று மட்டும் கேட்டான். இருக்கும். உங்கள் ஊர்க் கோவிலுக்கும் இருக்கும். அதை அறிந்த முதியோர் இன்னும் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் அருகில் அமர்ந்து கேட்போம். அடுத்த விழா மலரில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.